எருமைக்கு வரி போடச் சொன்னவர்

வரி கட்டாமல் டிமிக்கி கொடுத்தவர்கள் உலகத்தில் கோடிப்பேர் இருப்பார்கள். வரி கட்டியே தீருவேன், ஆனால் வீட்டுக்குக் கட்ட மாட்டேன், என் எருமைக்குத்தான் கட்டுவேன் என்று அதைக் கயிற்றோடு ஆபீஸுக்கு இழுத்து வந்தவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். சங்கரன்கோவிலில் அவரை எல்லோரும் ‘வருமானம் அண்ணாச்சி’ என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் எனக்குத் தெரியும். நோட்டீஸில் எழுதி எழுதிக் கை வலித்திருக்கிறதே! ஆனால் அந்தப் பேரைச் சொல்லித் தெருவில் விசாரித்தால், அப்படி ஒரு ஆள் இங்கே குடியே இல்லை என்று சத்தியம் செய்வார்கள்.

எழுபதுகளின் கடைசி. நான் அந்த ஊரில் வீட்டு வரி வசூலிக்கும் பில் கலெக்டர். கல்யாணம் ஆகாதவன். அண்ணாச்சியின் தெருவிலேயே ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வரி வாங்குகிறவன் அதே தெருவில் குடியிருப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அந்த வயதில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் போதும், தெருவில் இருக்கிற ஆம்பிளைகள் எல்லோரும் அந்த நிமிஷமே வெளியூர் போய்விடுவார்கள். சில வீட்டில் கட்டிலுக்கு அடியிலிருந்து தும்மல் மட்டும் கேட்கும்.

வருமானம் அண்ணாச்சி ஒருவர்தான் எதிரே வந்து நிற்பார். “வாரும் வே, வாரும். மோர் குடிக்கீரா?” என்பார். மோரைக் கொடுப்பார், வரியைக் கொடுக்க மாட்டார்.

அவர் வீடு இருக்கிறதே, அது வீடு இல்லை, பாதித் தெரு. அவருடைய தாத்தா நூல் வியாபாரத்தில் கொழித்த காலத்தில் கட்டியது. தூண்களைக் கட்டிப்பிடித்தால் இரண்டு கையும் சேராது. வியாபாரம் அவர் அப்பா காலத்திலேயே படுத்துவிட்டது. வீடு மட்டும் மிச்சம். அந்தப் பெரிய வீட்டுக்குள் பிள்ளை குட்டி இல்லாமல் அண்ணாச்சி, அவர் சம்சாரம், ஒரு எருமை. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் பால் ஊற்றுவதுதான் குடும்பத்தின் மொத்த வருமானம். ஆனால் வரி போடுகிற சட்டம் எருமையைப் பார்க்குமா? வாடகைக்கு விட்டால் என்ன வரும் என்று வீட்டைப் பார்த்துப் போடும். ஊரிலேயே பெரிய வரி அவருக்குத்தான்.

“ஏன் வே, இந்த வீடு சம்பாதிக்கா?”

“இல்ல அண்ணாச்சி.”

“நான் சம்பாதிக்கேனா?”

“அது... எனக்கு எப்படித் தெரியும்?”

“நான் சொல்லுதேன், இல்ல. இந்த வீட்ல சம்பாதிக்க ஒரே சீவன் அந்தா நிக்கு. அதுக்கு என்ன வரியோ போட்டுக்கிடும். நான் மாட்டேன்னா சொல்லுதேன்?”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் எருமையோடு நிற்கிறார் மனுசன்! எருமைக்கு நெற்றியில் குங்குமம் வேறு. ஆபீசர் வெளியே வந்து பார்த்தார். அவர் சாதுவான ஆள், திருநீறு பூசின நெற்றியைத் தடவிக்கொண்டே, “அய்யா, எருமைக்கு வரி போடச் சட்டத்துல இடமில்லையே” என்றார்.

“அப்ப சட்டத்த மாத்தச் சொல்லி மெட்ராஸுக்கு எழுதுங்க. டெல்லிக்காரன் வருமானத்தப் பாத்துத்தான வாங்குதான்? அதே மாதிரி நம்ம மெட்ராஸ் சர்க்காரும் ஒரு வருமான வரி போடட்டும். அதுல இருந்து ஊருக்கு விளக்குப் போடட்டும், சாக்கடை அள்ளட்டும். ஆளப் பாத்து வாங்குங்க, வீட்டப் பாத்து வாங்காதீங்க. வீடு நெட்டையா நிக்கதால எனக்கு வயிறு நெறஞ்சிருமா?”

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் எருமையைப் பார்த்தேன். எருமை ஆபீஸ் வாசலில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியது. அன்று முதல் அவருக்கு அந்தப் பேர் நிலைத்தது. ஒற்றைக் காசு வருமானம் இல்லாத ஆளுக்கு வருமானம் என்று பேர்!

ஊரே சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் அவர் சம்சாரம். நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினிக்குப் புத்தி நேர்கோடு. வீடு கிடக்கிறது, கையில் காசு இல்லை, முன்கட்டை ஒரு சேலை வியாபாரி குடோனுக்குக் கேட்கிறார், கொடுத்தால் வாடகை வரும், வாடகையில் வரியைக் கட்டலாம். முடிந்தது கதை.

அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “வாடகைக்கு விட்டா வீடு சம்பாதிக்க ஆரம்பிச்சிரும்லா? அப்புறம் நான் சொன்ன நியாயம் என்னத்துக்காகும்? பில் கலெக்டர் மொகத்துல எப்படி முழிப்பேன்?”

“அப்ப அந்த பில் கலெக்டரையே வச்சுக் குடும்பம் நடத்துங்க” என்று சொல்லிவிட்டு, மதினி ஒரு பையில் நாலு சேலையை அமுக்கி எடுத்துக்கொண்டு சிவகிரி பஸ் ஏறிவிட்டாள். சிவகிரியில் அவளுக்கு அண்ணன் வீடு. என் பேரைச் சொல்லி ஒரு குடும்பம் பிரிந்தது, நான் அப்போது மாடியில் வேட்டி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

ரெண்டு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தார் அண்ணாச்சி. ரெண்டு நாளில் கூப்பிட வருவார் என்று நினைத்தாள் மதினி. சிவகிரி என்ன சிங்கப்பூரா? ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டு முழித்தால் வந்துவிடும். ஆனால் ரெண்டு பேரும் ஏறவில்லை.

அப்புறம்தான் அந்தச் சாயங்காலங்கள். டீக்கடைக்குப் பால் ஊற்றிவிட்டு அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டில் நிற்பார். எனக்கும் அறையில் கூட இருக்க ஆள் கிடையாது, நானும் போய் நிற்பேன். சிவகிரி பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நிற்கும். அண்ணாச்சி படிக்கட்டில் இறங்குகிற ஒவ்வொரு சேலையாகப் பார்ப்பார். கடைசி ஆள் இறங்கியதும், அதற்காகவே வந்ததுபோலக் கண்டக்டரிடம் கேட்பார்.

“என்ன வே, சிவகிரில மழையா?”

கண்டக்டர் விஷயம் தெரிந்தவன். “மழ இல்ல அண்ணாச்சி. வெயில்தான். அக்கா நல்லாருக்காவ.”

“அக்காவ யாரு கேட்டா? மழயத்தான கேட்டேன்.”

“அக்கா எருமை கறக்கான்னு கேட்டாவ.”

“ம்... கறக்குன்னு சொல்லும்.” ரெண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்புவார். “நல்லாவே கறக்குன்னு சொல்லும்.”

சித்திரை வெயிலில் ரோடு உருகும்போதும் இதே கேள்விதான். மழையா, மழையா! அந்த மனுசன் கேட்ட மழைக்குச் சிவகிரி மலையே கரைந்திருக்க வேண்டும். திரும்பி ரெண்டு பேரும் ஒன்றாக நடந்து வருவோம். வீட்டு வாசல் வந்ததும் இருட்டாக இருக்கிற முன்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். “பெரிய வீடு வே” என்பார். அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் வரி திருத்தம் வந்தது. தெரு முழுக்க அளந்து, புதிதாகக் கட்டியதை எல்லாம் சேர்த்து வரியை ஏற்றுகிற வேலை. மாடு கட்டுகிற இடத்தை வீட்டுக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்று எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ தெரியாது. நானும் ஆபீசரும் டேப்பைப் பிடித்துக்கொண்டு நுழைந்தால், தறி முதலாளியின் புது ஹாலில் எருமை. மொசைக் தரை, மேலே ஃபேன் சுற்றுகிறது, எருமை சுகமாக அசைபோடுகிறது.

“மாட்டுத் தொழுவம் சார்” என்றார் தறி முதலாளி.

அடுத்த வீடு பூக்கமிஷன் கடைக்காரர் வீடு. அங்கேயும் முன்னறையில் எருமை. அதற்கடுத்த வீட்டில் பையன் துபாய்க்குப் போய்க் கட்டின மச்சு, அங்கேயும் எருமை. ஆபீசர் அசந்துவிட்டார். “என்னய்யா, இந்தத் தெருவுல இவ்வளவு எருமையா?” என்றார். அண்ணாச்சி எருமையின் அந்தக் கோணல் கொம்பு எனக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் முன்வாசல் வழியாக வெளியேற வெளியேற, எருமை பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாவம், அன்றைக்கு அது கறக்கவே இல்லை.

எருமை இல்லாத ஒரே வீடு எருமைக்குச் சொந்தக்காரர் வீடுதான். அண்ணாச்சி வாசலிலேயே காத்திருந்து எங்களை அறை அறையாகக் கூட்டிப்போனார். நான் ஒரு சின்ன அறையை வேண்டுமென்றே விட்டுவிட்டு நகர்ந்தேன்.

“வே, நில்லும். அந்த ரூம எழுதலியே நீரு?”

“இருட்டா இருக்கு அண்ணாச்சி, விடுங்க.”

“இருட்டா இருந்தா ரூம் இல்லன்னு ஆயிருமா? எங்க தாத்தா பாத்துப் பாத்துக் கட்டுனது வே. எழுதும்.”

எழுதினேன். வரி ஏறியது. அதையும் அவர் கட்டவில்லை. வீட்டை மறைக்க மாட்டார், வரி தர மாட்டார். இப்படி ஒரு ஆளை எந்தச் சட்டத்தில் அடைக்க?

வரி ஏறியதும் தெருவே அண்ணாச்சி பக்கம் சாய்ந்தது. டீக்கடையில் எல்லோரும், “அண்ணாச்சி சொல்லுததுதான் நியாயம். வருமானத்தப் பாத்துத்தான் போடணும்” என்று மேஜையைத் தட்டினார்கள். அண்ணாச்சிக்குக் கண் மின்னியது. சர்க்கார் போடுகிறவரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும், நாமே நம் தெருவில் செய்து காட்டுவோம் என்றார். அவரவர் வருமானத்தைச் சொல்ல வேண்டியது, அதற்குத் தக்கபடி போட வேண்டியது, சேர்ந்த காசில் மொத்தத் தெருவின் வீட்டு வரியையும் கட்டிவிட வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு முன்கட்டிலேயே கூட்டம்.

எல்லோரும் வந்தார்கள். மோர் குடித்தார்கள். ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார் அண்ணாச்சி.

தறி முதலாளி பெருமூச்சு விட்டார். “தறி ஓடுதது சத்தத்துக்குத்தான் அண்ணாச்சி. எல்லாம் நட்டம்.”

பூக்கமிஷன்காரர், “பூ சாயங்காலம் வாடிருது. வாடுத பொருள்ல என்ன வருமானம்?” என்றார்.

துபாய்க்காரன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, “பையன் சும்மா ஊரு பாக்கத்தான் போயிருக்கான்” என்றார். மூன்று வருஷமாக அவன் ஊர் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் பார்த்தால் அந்தத் தெருவில் வருமானம் உள்ளவர்கள் மூன்று பேர். பள்ளிக்கூட வாத்தியார், ஏனென்றால் அவர் சம்பளம் ஊருக்கே தெரியும். நான், ஏனென்றால் என் சம்பளமும் தெரியும். அப்புறம் எருமை. நானும் வாத்தியாரும் எருமையும் சேர்ந்து மொத்தத் தெருவையும் சுமக்க வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. வாத்தியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு அண்ணாச்சி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “என்ன வே இது? வீட்ட மறைக்கதுக்காவது ஒரு எருமை வேண்டியிருந்துது. வருமானத்த மறைக்க ஒண்ணுமே வேண்டாம் போலிருக்கே” என்றார். காலி மோர்ச் சொம்பை ஓரமாக நகர்த்திவிட்டு, குரல் இறங்கி, “இவனுவளுக்காகவா வே நான் அவளப் போக விட்டேன்?” என்றார்.

“போய்க் கூட்டிட்டு வந்துருங்களேன் அண்ணாச்சி.”

“என்ன சொல்லிக் கூப்பிடுவேன்? நியாயம் தோத்துப்போச்சு, வான்னா?”

அவருக்கு மதினியும் வேண்டும், நியாயமும் வேண்டும். ரெண்டும் ஒரே வீட்டில் இருக்க வழி தெரியாமல்தான் அந்த மனுசன் உருகிக்கொண்டிருந்தார்.

சாதுவான ஆபீசர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் கறார். பழைய பாக்கியைப் பார்த்துவிட்டு, “என்னய்யா இது? ஜப்தி பண்ணு. அந்த எருமையைப் பிடிச்சிட்டு வா” என்றார். சட்டப்படி சரிதான். நான் ரெண்டு பியூன்களோடு போனேன்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. “எருமைக்கு வரி போட இடமில்லன்னுட்டு, இப்ப அதப் பிடிக்க மட்டும் எங்கன இருந்து வே இடம் வந்துது? வீட்டுக்குத்தான வரி? வீட்ல இருந்து எடும்.”

உள்ளே போய்ப் பார்த்தோம். அண்டா, குத்துவிளக்கு, பித்தளைக் குடம் இருந்தன. பியூன் குடத்தைத் தொட்டதும் அண்ணாச்சி பாய்ந்து வந்தார். “அதத் தொடாதீரும்! அது அவ கொண்டாந்த சீரு. அவ சாமான். அதுல ஒரு கரண்டி கொறஞ்சாலும் நான் என்ன பதில் சொல்லுவேன்?”

அதைக் கழித்தால் வீட்டில் மிச்சம் ஒன்றுமில்லை. “கதவ எடுத்துக்கிடும்” என்றார் அவரே.

அந்தக் காலத்தில் வரிப் பாக்கிக்குக் கதவைக் கழற்றுவது நடந்ததுதான். ஆனால் வீட்டுக்காரர் கூடமாட நின்று கழற்றிக் கொடுத்தது அன்று மட்டும்தான் இருக்கும். பழைய காலத்துத் தேக்கு, பித்தளைக் குமிழ் வைத்த ரெட்டைக் கதவு. விளக்கெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். “மெதுவா, மெதுவா... மேல தூக்கி இடது பக்கம் சாய்க்கணும் வே, உடைச்சிராதீங்கடே” என்று பதறினார். கைவண்டி கூடவே ஆபீஸ் வரைக்கும் நடந்து வந்து, சாரல் அடிக்காத மூலையாகப் பார்த்துச் சாத்தச் செய்துவிட்டுத்தான் போனார்.

கதவில்லாத வீடு என்ன ஆகும்? முதலில் ஆடுகள் வந்தன. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த ஒரு கூட்டம் சத்திரம் என்று நினைத்து முன்கட்டில் பாய் விரித்துப் படுத்துவிட்டது. அண்ணாச்சி அவர்களுக்கும் மோர் கொடுத்தார். கூட்டம் போனதும் எருமையைக் கொண்டுவந்து வாசலுக்குக் குறுக்கே கட்டினார். எருமைதான் கதவு. வீட்டை விட்டு நகர முடியாது. பால் வாங்க டீக்கடைப் பையன் வந்து போனான். அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டு பக்கமே வரவில்லை.

நான் மட்டும் போய் நின்றேன். சிவகிரி பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கிச் சுற்றுமுற்றும் பார்த்தான்.

“அண்ணாச்சிய எங்க? மேலுக்குச் சொகமில்லையா?”

“வீட்ல கதவு இல்ல. விட்டுட்டு வர முடியாது” என்று நடந்ததைச் சொன்னேன்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவன் ஊத மறந்து நின்றான்.

மறுநாள் சாயங்காலம் அதே பஸ்ஸின் படிக்கட்டில் மதினி இறங்கினாள். கையில் அதே பை. என்னைப் பார்த்தும் நிற்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். வாசலில் எருமை அவளைப் பார்த்து மூக்கை நீட்டியது. “தள்ளு” என்று அதன் முகத்தைத் தள்ளிவிட்டு உள்ளே பார்த்தாள். அண்ணாச்சி தூணடியில் உட்கார்ந்திருந்தார்.

“எருமைய வாசல்ல கெட்டிட்டு ஒத்தையில உக்காந்திருக்கீங்களே, கூப்பிட வாய் இல்லையா உங்களுக்கு?”

அண்ணாச்சி எழுந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். கடைசியில் கேட்டாரே பார்க்கலாம்: “சிவகிரில... மழையா?”

மதினிக்குச் சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “மழையுமில்ல, ஒரு மண்ணுமில்ல” என்றாள்.

சிவகிரியில் அவள் சும்மா இருக்கவில்லை. தறிக்காரர்களுக்கு ராட்டையில் நூல் சுற்றிக் கொடுத்துக் கொஞ்சம் சேர்த்திருந்தாள். இங்கேயும் முன்கட்டில் ராட்டை போட்டுவிட்டாள். அண்ணாச்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டாள். “வீடு சம்பாதிக்கல. நான் சம்பாதிக்கேன். என் வருமானத்துல வரி கட்டுனா உங்க நியாயம் கெட்டுப்போயிருமா?”

அண்ணாச்சி ராட்டையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “கெட்டுப்போகாது” என்றார். எனக்கு வந்த சிரிப்பை அடக்க மாட்டாமல் வெளியே போய் எருமைப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

மதினி ஆபீஸில் வந்து பாக்கியைக் கட்டினாள். கதவை உடனே அனுப்பிவிடுகிறேன் என்றேன். அன்று சாயங்காலமே அண்ணாச்சி என் மாடிப்படி ஏறி வந்தார். அதுவரைக்கும் அவர் என் அறைக்கு வந்ததே கிடையாது.

“வே, அந்தக் கதவு... அவசரம் ஒண்ணும் இல்ல. மெதுவாக் கொண்டாந்தாப் போதும்.”

“ஏன் அண்ணாச்சி? பணம்தான் கட்டியாச்சே.”

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “கதவு இல்லன்னுதான வே வந்தா? கதவு வந்துட்டா, வந்த வேல முடிஞ்சுதுன்னு போயிருவாளோன்னு இருக்கு.”

நியாயம் பேசிப் பேசி ஊரையே ஆட்டிவைத்த மனுசன், என் அறை வாசலில் பச்சைப்பிள்ளையாட்டம் நின்றார்.

நானும் இழுத்தடித்தேன். கைவண்டிக்குச் சக்கரம் சரியில்லை என்றேன், பியூன் லீவு என்றேன், அஷ்டமி என்றேன், நவமி என்றேன். ஒருநாள் மதினியே ஆபீஸுக்கு வந்துவிட்டாள். சுவரில் சாத்தியிருந்த கதவின் தூசியை முந்தானையால் துடைத்தாள். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“மெதுவாக் கொண்டாந்தாப் போதும்னு அவுக சொன்னாவளா, தம்பி?”

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“இன்னைக்கே கொண்டாந்து மாட்டுங்க. நான் எங்கயும் போகலன்னு அவுககிட்டச் சொல்லிருங்க. நான் சொன்னா நம்பமாட்டாவ. நீங்க ஆபீஸ் ஆளு, நீங்க சொன்னா நம்புவாவ.”

கதவைக் கொண்டுபோனேன். வண்டியிலிருந்து இறக்கும்போது அண்ணாச்சி ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம் பிடித்தேன். மதினி சொன்னதைச் சொன்னேன். அவர் கதவைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தார். கதவுக்கு அந்தப் பக்கம் முகத்தை மறைத்துக்கொண்டு, “சரி வே... மாட்டும்” என்றார்.

ரெண்டு பேரும் கண்ணை மூடி ரொம்ப வருஷமாகிறது. எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அந்த ஊரில் யாரும் யாரை வேண்டுமானாலும் அண்ணாச்சி என்பார்கள், கடைக்காரரைக்கூட அப்படித்தான் கூப்பிடுவேன். அவரை மட்டும் நான் நிஜமாகவே அண்ணன் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன்.